எச்சில் தொடாத விரல்கள்

என் தாத்தா பஞ்சாங்கம் புரட்டும்போது ஆள்காட்டி விரலை நாக்கில் ஒற்றிக்கொள்வார். ரூபாய் நோட்டு எண்ணும்போதும் அப்படித்தான். அதே தாத்தா, என் கால் தவறிப்போய்ப் புத்தகத்தில் பட்டுவிட்டால் "சரஸ்வதிடா!" என்று அதட்டி, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்வார். கால் பட்டால் பாவம், எச்சில் பட்டால் மட்டும் பாவமில்லையா என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க முடியாது.

பல ஆண்டுகள் கழித்துச் சென்னையில் ஒரு சுவடி நூலகத்தின் வாசிப்பறையில் அந்தக் கேள்வி திரும்பி வந்தது. பையை லாக்கரில் வைக்கச் சொன்னார்கள். சட்டைப் பையில் இருந்த பேனாவை வாங்கிக்கொண்டு ஒரு பென்சிலைக் கொடுத்தார்கள். தண்ணீர் பாட்டிலும் வெளியே போயிற்று. நான் கேட்ட சுவடியை எடுத்துவரப் போகும் முன் அங்கிருந்த பெரியவர் என் கைகளைப் பார்த்துச் சொன்னார்: "சார், சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க. நல்லாத் தொடைச்சுக்குங்க. ஈரம் இருந்தா ரெண்டு நிமிஷம் ஃபேனுக்குக் கீழ நில்லுங்க."

"கிளவுஸ் தரமாட்டீங்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "அது சினிமாவுல போடுவாங்க சார்."

அவர் சொன்னது சரி. பழைய புத்தகம் என்றதும் வெள்ளைக் கையுறைதான் நம் நினைவுக்கு வருகிறது. தொலைக்காட்சியில் அரிய நூல் எதையாவது காட்டினால், கையுறை இல்லாத கையைக் கண்ட நேயர்கள் கொதித்துப்போய்ப் புகார் எழுதுகிறார்கள். ஆனால் லண்டன் பிரிட்டிஷ் நூலகம் முதலாகப் பெரிய ஆய்வு நூலகங்கள் தங்கள் வாசகர்களுக்குச் சொல்வது, சுத்தமான, உலர்ந்த வெறுங்கையே போதும் என்பதுதான். கேத்லீன் பேக்கர், ராண்டி சில்வர்மன் என்ற இரு பாதுகாப்பு வல்லுநர்கள் 2005ஆம் ஆண்டில் இதற்காகவே ஒரு கட்டுரை எழுதி, கையுறை நம்பிக்கைக்கு அடிப்படை எதுவும் இல்லை என்று காட்டினார்கள்.

காரணங்கள் எளியவை. விரல் நுனியில் உள்ள உணர்வு நரம்புகள்தான் தாள் எவ்வளவு மெலிந்திருக்கிறது, எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது, எங்கே கிழியப்போகிறது என்று நமக்குச் சொல்கின்றன. அந்த விரலைப் பஞ்சுத் துணிக்குள் போட்டு மூடினால் நாம் பாதிக் குருடர். ஏற்கெனவே இருக்கும் சின்னக் கிழிசலில் துணியின் இழை மாட்டினால் அது பெரிய கிழிசலாகும். கையுறை போட்டதும் கை வியர்க்கும், அந்த வியர்வை துணியை ஊடுருவி வெளியே வரும். மேசை, நாற்காலி, மூக்குக்கண்ணாடி என்று தொட்ட இடத்து அழுக்கெல்லாம் துணியில் ஏறும். வெறுங்கை அழுக்கானால் நமக்குத் தெரியும், எழுந்துபோய்க் கழுவுவோம். கையுறை போட்டவருக்குத் தன் கை சுத்தம் என்ற நினைப்பு மட்டும் கடைசிவரை போகாது.

விதிவிலக்குகள் உண்டு. பழைய புகைப்படத்தின் மேல் இருப்பது ஜெலட்டின் பூச்சு, அதற்குள் வெள்ளித் துகள்கள். விரல் உப்பு பட்டால் ரேகை அப்படியே பதிந்து காலத்துக்கும் நிற்கும். உலோகத்துக்கும் அதே கதிதான். இன்னொரு வகையில் கையுறை நம்மைக் காப்பாற்றுவதற்காக. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கில, அமெரிக்கப் பதிப்பகங்கள் பளீரென்ற பச்சைத் துணியில் புத்தகம் கட்டின. அந்தப் பச்சை பல நூல்களில் ஆர்சனிக், அதாவது பாஷாணம் கலந்த நிறமி. டெலவேரில் உள்ள வின்டர்தர் அருங்காட்சியகத்தில் 2019இல் ஓர் அட்டையைச் சோதிக்கப்போய் இது வெளிவந்தது. இப்போது அத்தகைய நூல்களைத் தேடிப் பட்டியலிடுவதே தனி வேலையாக நடக்கிறது. மேரி கியூரியின் ஆய்வுக் குறிப்பேடுகள் பாரிஸில் ஈயம் பதித்த பெட்டிகளில் இருக்கின்றன. அவற்றில் படிந்த ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். அந்த வாசிப்பறையில் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவரின் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை.

எச்சில் என்றதும் தாத்தா. மனித எச்சில் நல்ல துப்புரவுத் திரவம். ஓவியங்களைச் சுத்தப்படுத்துகிறவர்கள் பஞ்சுக் குச்சியை நாக்கில் நனைத்து அழுக்கைத் துடைக்கும் வழக்கம் உண்டு. அதை முறைப்படி சோதித்த போர்த்துகீசிய ஆய்வாளர்களுக்கு 2018இல் இக்நோபல் பரிசு, அந்தக் கேலிப் பரிசு, கிடைத்தது. எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுப்பொருளைச் சிதைக்கிறது. சோற்றை வாயில் வைத்து மெல்ல மெல்ல இனிப்பதற்கும் அதுவே காரணம். நம் நாட்டுக் கைத்தாள்களுக்கு முன்பு கஞ்சி பூசித்தான் வழவழப்பு ஏற்றினார்கள். புத்தகம் கட்டும் பசையும் மாவுப் பசைதான். ஓவியத்துக்கு உதவும் அதே எச்சில் தாளில் பட்டால், ஈரத்தையும் நொதியையும் அழுக்கையும் ஒரே இடத்தில், பக்கத்தின் கீழ்மூலையில், வைத்துவிட்டுப் போகிறது. பிறகு பூச்சிக்கு விருந்து. ஒருவர் ஒரு முறை செய்தால் ஒன்றும் தெரியாது. நாற்பது வருஷம் புரட்டிய பஞ்சாங்கக் கட்டின் மூலைகள் எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டுப் பரணில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வாசிப்பறையின் விதிகள் எல்லாமே இந்தக் கூட்டல் கணக்குதான். தனி ஒரு வாசகர் செய்யும் சேதம் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் விதி அவருக்கு அவமானமாகப் படுகிறது. நூலகம் எதிரே உட்கார்ந்திருப்பவரை மட்டும் பார்ப்பதில்லை, அவருக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கு வரிசையில் நிற்பவர்களையும் சேர்த்துப் பார்க்கிறது. பென்சிலும் அப்படித்தான். பேனா மை தெறித்தால் தாளின் இழைகளுக்குள் இறங்கிவிடும், எடுக்க வழியில்லை. பென்சிலின் கிராஃபைட்டு வெறும் கரி. மேலே படிந்து நிற்கும், எதனோடும் வினைபுரியாது.

மை என்பது எவ்வளவு பொல்லாதது என்று அறிய நாட்டு மருந்துக் கடைக்குப் போனால் போதும். மாசிக்காய், அன்னபேதி, கருவேலம்பிசின் என்று கடைக்காரர் மூன்று பொட்டலம் கட்டித் தருவார். கைக்குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் மாசிக்காய், ஓக் மரத்தில் ஒருவகைக் குளவி முட்டையிட்ட இடத்தில் புடைக்கும் முண்டு. டானின் நிறைந்தது. அன்னபேதி இரும்பு சல்பேட். இரண்டையும் நீரில் கலந்து பிசின் சேர்த்தால் மங்கலான ஒரு திரவம் வரும். அதைத் தொட்டு எழுதினால், காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு இரும்பு மாற்றமடைந்து, எழுத்து கன்னங்கரேலென்று ஆகித் தாளோடு பிணைந்துவிடும். பல நூற்றாண்டுகள் ஐரோப்பா எழுதியதெல்லாம் இந்த மையில்தான். நம் ஊரில் மாசிக்காய்க்குப் பதில் கடுக்காய்.

சிக்கல் அளவில் இருக்கிறது. அன்னபேதி கூடிப்போனால், வினைபுரியாமல் மிஞ்சிய இரும்பு தாளிலேயே தங்கி, செல்லுலோஸை ஆக்சிஜனோடு வினைபுரியத் தூண்டிக்கொண்டே இருக்கும். மையில் உண்டாகும் கந்தக அமிலம் இன்னொரு பக்கம் அரிக்கும். முதலில் எழுத்தைச் சுற்றிப் பழுப்பு, பிறகு பக்கத்தின் மறுபுறம் கறை, கடைசியில் எழுத்து இருந்த இடத்தில் எழுத்து வடிவிலேயே ஓட்டை. இசைமேதை பாஹ் தன் கையால் எழுதிய இசைப் பிரதிகளில் பெரும்பகுதி பெர்லின் நூலகத்தில் இருக்கிறது. கறுப்பு இசைக்குறிக் குமிழ்கள் அங்கே தாளிலிருந்து பொடிந்து உதிர்ந்தன. தாளை அதன் பருமனிலேயே இரண்டாகப் பிளந்து, நடுவே மெல்லிய வலுவான தாளை வைத்து மறுபடி ஒட்டிச் சில பக்கங்களைக் காப்பாற்றினார்கள். படிக்கும்போதே எனக்கு மூச்சு நின்றது. செய்தவர்களின் நிலைமை என்னவோ. இத்தகைய பக்கத்தை ஒரு மூலையைப் பிடித்துச் சட்டென்று புரட்டினால் அது வளையும் இடத்தில் மைக்கோட்டோடு ஒடியும். முழு உள்ளங்கையைக் கீழே கொடுத்துத் திருப்ப வேண்டும் என்ற விதிக்குப் பின்னால் அன்னபேதி இருக்கிறது.

பழையது என்றாலே நைந்தது என்று எண்ணிவிடக் கூடாது. 500 ஆண்டுகளுக்கு முந்தைய ஐரோப்பிய அச்சு நூலைத் திறந்தால் தாள் மொடமொடவென்று, நேற்று வாங்கியது போல இருக்கும். 1930இல் வந்த தமிழ் வாரப் பத்திரிகையைத் திறந்தால் அப்பளம். முன்னது கிழிந்த லினன், பருத்தித் துணிகளை ஊறவைத்து இடித்துச் செய்த தாள். நீண்ட செல்லுலோஸ் சங்கிலிகள். பின்னது மரத்தை அரைத்த கூழ். 1807இல் இல்லிக் என்ற ஜெர்மானியர், மை ஊறிப் பரவாமல் இருக்கப் பைன் மரப் பிசினையும் படிகாரத்தையும் கூழில் சேர்க்கும் முறையை வெளியிட்டார். 1840களில் கெல்லர் என்பவர் மரத்தைக் கல்லில் அரைத்துக் கூழாக்கும் வழியைக் கண்டார். தாள் மலிவானது, பத்திரிகைகள் பெருகின, பாமரர் கைக்கும் படிப்பு வந்தது. விலை பின்னால் தெரிந்தது. காகித ஆலைகள் படிகாரம் என்று சேர்த்த அலுமினியம் சல்பேட், காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. அமிலம் செல்லுலோஸ் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகத் துண்டிக்கிறது. மரத்தின் லிக்னின் வெளிச்சம் பட்டு மஞ்சளாகிறது. பழைய புத்தகக் கடையில் நாம் ஆசையாக இழுத்து நுகரும் அந்த வாசனையில் வெனிலா நெடி கலந்திருப்பது லிக்னின் சிதைவதால்தான். வாசனையை உருவாக்கும் ஆவிகளை அளந்தே தாளின் உடல்நிலையைச் சொல்லலாம் என்று மத்தியா ஸ்ட்ர்லிச் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2009இல் காட்டினார்கள். நாம் ரசிப்பது புத்தகம் சாகும் வாசனை.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்பவர் ஆயுள் முழுக்கச் சேர்த்தது பெரும்பாலும் இத்தகைய தாள்களைத்தான். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் என்று ஏறக்குறைய 1,00,000 உருப்படிகள். 1992இல் அவர் மறைந்த பிறகு, 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, தமிழ்நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகாமல் சென்னையிலேயே நூலகமாக்கியது. அங்கே முதல் வேலை மைக்ரோஃபிலிம் எடுப்பது. மூலத்தை இன்னும் எத்தனை முறை புரட்ட முடியும் என்பதற்கு ஓர் எண்ணிக்கை இருக்கிறது, அதைப் படம் எடுக்கச் செலவழிப்பதே புத்திசாலித்தனம்.

நல்லெண்ணத்தோடு செய்யும் பழுதுபார்ப்பு பூச்சியைவிட மோசம். சாக்கடல் சுருள்கள் 1947இல் கிடைத்தன. 1950களில் ஜெருசலேம் அருங்காட்சியகத்தில் அறிஞர்கள் அந்தத் தோல் துண்டுகளை மேசையில் பரப்பி, பொருந்தியவற்றைச் சாதாரண ஒட்டு டேப்பால் ஒட்டினார்கள். பாலைவனக் குகையில் 2,000 ஆண்டுகள் தாக்குப்பிடித்ததை டேப்பின் பசை கருக்கத் தொடங்கியது. பசை வயதானால் எண்ணெயாக இளகித் தோலுக்குள் ஊறும். 1991இல் இதற்கென ஓர் ஆய்வகம் தொடங்கி, அந்த டேப்பைப் பிரிப்பதையே முக்கிய வேலையாகச் செய்து வருகிறார்கள். உங்கள் வீட்டில் கிழிந்த பழைய புத்தகம் இருந்தால் டேப் ஒட்டாதீர்கள். கிழிசல் காத்திருக்கும், பசை காத்திருக்காது.

கட்டிய நூலை அட்டை மேசையில் படும்படி மலர்த்தினால் முதுகு உடையும். அதனால் இருபுறமும் ஃபோம் ஆப்பு வைத்து, அது எவ்வளவு திறக்க விரும்புகிறதோ அவ்வளவே திறப்பார்கள். பக்கம் மூடாமலிருக்கத் துணிக்குழாயில் ஈயக் குண்டுகள் திணித்த எடையைப் போடுவார்கள். பெயர் பாம்பு. அலமாரியில் முதுகின் உச்சியில் விரலை விட்டு இழுக்காமல், பக்கத்து நூல்களை உள்ளே தள்ளி நடுமுதுகைப் பிடித்து எடுக்க வேண்டும். இவ்வளவும் வீட்டுக்கும் பொருந்தும்.

பெரியவர் என் சுவடியைக் கொண்டுவந்தார். சிவப்புத் துணி மூட்டை. அவிழ்த்தால் மேலும் கீழும் இரண்டு மரச்சட்டம், நடுவே ஓலைகள். ஓலையின் இருபக்கத்தும் துளைகள். ஒன்றில் கயிறு கோத்திருக்கும். மற்றதில் செருகும் குச்சிக்கு நாராசம் என்று பெயர். கயிற்று நுனியில் கட்டிய ஓலைத் துண்டைக் கிளிமூக்கு என்பார்கள். இந்தச் சொற்கள் தெரிந்தவர்களும் சுவடிகளோடு சேர்ந்து அருகிவருகிறார்கள்.

ஓலை தாளைப் போன்றதே இல்லை. தாள் என்பது தாறுமாறாகப் படிந்த இழைகளின் கூட்டம், எந்தத் திசையிலும் கொஞ்சம் வலு உண்டு. பனையோலையின் நரம்புகள் நீளவாக்கில் மட்டுமே ஓடுகின்றன. அதனால் நீளத்தில் பிளக்கும், குறுக்கே ஒடியும். இளமையில் அதற்கு நெகிழ்வு கொடுத்த ஈரமும் எண்ணெய்ப் பொருட்களும் ஆண்டுக்கணக்கில் வெளியேற, ஓலை விறைக்கிறது. புத்தகப் பக்கம் போல அதை வளைத்துத் திருப்பினால் ஒரே ஒரு முறைதான் திருப்பலாம். கயிற்றைத் தளர்த்திவிட்டு, ஒவ்வோர் ஓலையாக இரண்டு கையாலும் இரு முனைகளிலும் தாங்கி, தட்டையாகவே புரட்ட வேண்டும். கயிறு இறுக்கமாக இருக்கும்போது ஓலையை இழுத்தால், கயிறு அரமாக மாறித் துளையின் விளிம்பை அறுக்கும். துளையிலிருந்து ஓரம் வரை கிழிந்த ஓலைகளைப் பார்த்தால், எந்த அவசரக்காரர் எங்கே இழுத்தார் என்றே சொல்லிவிடலாம்.

எழுத்தும் வேறு வகை. எழுத்தாணி ஓலையின் மெழுகுத் தோலைக் கீறுகிறது. எழுத்து என்பது மை அல்ல, பள்ளம். அதில் விளக்குக்கரியை ஊமத்தை, கோவை இலைச்சாறுகளோடு குழைத்துத் தேய்த்துத் துடைத்தால், மேற்பரப்பு சுத்தமாகி, பள்ளத்தில் மட்டும் கறுப்பு நிற்கும். கரி போய்விட்டாலும் எழுத்து போகாது. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பள்ளத்தின் நிழலே எழுத்தாகத் தெரியும். பெரியவர் அதைத்தான் செய்தார். மேசை விளக்கின் தலையைத் தாழ்த்தி ஓலையின் மட்டத்துக்குக் கொண்டுவந்ததும், வெறும் பழுப்பாக இருந்த பரப்பில் வரிகள் எழுந்து வந்தன. சுண்ணாம்பையோ மாவையோ தடவிப் படித்துக்கொள்ளும் குறுக்குவழிக்கு அங்கே இடமில்லை. பொடி பள்ளத்தில் தங்கும், ஈரத்தை இழுக்கும்.

வரி தெரிந்தும் என்னால் படிக்க முடியவில்லை. புள்ளி இல்லை. எழுத்தாணி முனையால் புள்ளி குத்தினால் ஓலை துளையாகும் என்பதால் ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. 'கண்டம்' என்பதும் 'கணடம' என்பதும் ஒன்றுபோலவே இருக்கும். ரகரமும் காலும் ஒன்று. எகர ஏகாரத்துக்கு வேறுபாடு இல்லை. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தது இத்தகைய ஏடுகளிலிருந்து. வீடு வீடாகச் சுவடி தேடி அலைந்த அவர், பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டுவிட்டதாகச் சொன்ன வீடுகளைப் பற்றித் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். செல்லரித்தால் புதிய ஓலையில் படியெடுத்துக்கொண்டு பழையதை ஆற்றில் விடுவது முறை. படியெடுப்பது நின்றுபோய், ஆற்றில் விடுவது மட்டும் தொடர்ந்ததுதான் கேடு.

சுவடிக்கு எண்ணெய் பூசுவது பற்றி ஒரு வார்த்தை. புல்தைலம் எனப்படும் எலுமிச்சைப்புல் எண்ணெயை ஓலையில் லேசாகத் தடவினால் நெகிழ்வு திரும்பும், பூச்சியும் விலகும். கீறி எழுதிய ஓலைக்குத்தான் இது. வடக்கே சில இடங்களில் மை தொட்டு ஓலைமேல் எழுதினார்கள், அதில் எண்ணெய் பட்டால் எழுத்தே போய்விடும். கீறிய ஓலைக்கும் அளவு மீறினால் பிசுக்கேறித் தூசி படியும். வாசகர் தம் இஷ்டத்துக்குச் செய்யும் வேலை இல்லை.

பூச்சி, பூஞ்சை இரண்டுக்கும் வேண்டியது ஈரம். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சை முளைக்கும். கடலோரச் சென்னையில் ஆண்டில் பல மாதங்கள் அதற்கு மேல்தான். ஏ.சி. தீர்வு என்று தோன்றும். பகலில் போட்டு மாலையில் அணைக்கும் ஏ.சி. என்றால், அது இல்லாமலே இருக்கலாம் என்பது என் கட்சி. தினமும் ஈரம் ஏறி இறங்க, ஓலையும் தாளும் அட்டையின் தோலும் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் விரிந்து சுருங்கி, ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். முன்பு காற்றோட்டமும் தடித்த சுவரும் துணிமூட்டையும் மரப்பெட்டியும் அந்த ஏற்ற இறக்கத்தை மெதுவாக்கின. வசம்பும் மிளகும் வேப்பிலையும் போட்டு வைத்த பாட்டிமார்களின் பெட்டியைப் பார்த்துச் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு முரணையும் சொல்ல வேண்டும். அழுக்கே சில சமயம் ஆவணம். கேத்ரின் ரூடி என்ற கலை வரலாற்றாளர், இடைக்கால நெதர்லாந்துப் பிரார்த்தனைப் புத்தகங்களின் பக்க ஓரங்களில் படிந்த விரல் கருமையை டென்சிட்டோமீட்டர் என்ற கருவியால் அளந்து 2010இல் வெளியிட்டார். எந்தப் பிரார்த்தனையை மக்கள் அதிகம் புரட்டினார்கள் என்று அழுக்கு சொல்லிவிட்டது. கொள்ளைநோயிலிருந்து காப்பவர் என்று நம்பிய புனித செபாஸ்தியாருக்கான பக்கம் நன்றாகக் கறுத்திருந்தது. இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் சாரா ஃபிடிமென்ட் குழுவினர் இன்னொன்று செய்தார்கள். பாதுகாப்பு வல்லுநர்கள் தோல்தாளை ரப்பரால் மெல்லத் தேய்த்துச் சுத்தம் செய்வது வழக்கம். அந்த ரப்பர்த் துகளில் ஒட்டிவரும் புரதத்தைக் கொண்டே தோல் கன்றினுடையதா, ஆட்டினுடையதா, செம்மறியினுடையதா என்று 2015இல் கண்டுபிடித்தார்கள். 13ஆம் நூற்றாண்டின் மிக மெல்லிய பைபிள்கள் முயல், அணில் தோலில் ஆனவை என்ற பழைய ஊகம் அப்போது விழுந்தது. பல வாசிப்பறைகளில் உள்ளே கொண்டுவரக் கூடாத பொருள்களின் பட்டியலில் ரப்பரும் ஒன்று.

மூன்று மணி நேரம் கழித்து, நான் படித்தது ஒன்பது ஓலை. பெரியவர் வந்து ஓலைகளை ஒழுங்காக அடுக்கி, இடது ஓரத்தில் கீறியிருந்த தமிழ் எண்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சரிபார்த்தார். ஓர் ஓலை இடம் மாறினால் அடுத்து வருபவருக்குக் கதை மாறிவிடும். சட்டத்தை வைத்து, கயிற்றைச் சுற்றி, ஓலை அசையாத அளவுக்கு மட்டும் இறுக்கினார்.

அப்போதுதான் கவனித்தேன். கட்டின் இடது பக்கத்தில், எண்கள் இருக்கும் இடத்துக்குக் கீழே, ஓலைகள் எல்லாவற்றிலும் ஒரே உயரத்தில் ஒரு கருமை. படித்தவர்களின் கட்டைவிரல்கள் பட்ட இடம். சோப்புப் போட்டுக் கழுவி, ஃபேனுக்குக் கீழ் நின்று உலர்த்திய என் கட்டைவிரலையும் மூன்று மணி நேரமாக நான் அங்கேதான் வைத்திருந்தேன்.